கிளாண்ட் சொட்டினால் உடனே நட்டை இறுக்காதீர்கள்

எஞ்சினிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகும் தண்டுதான் சாஃப்ட். அது போட்டின் உடம்பைத் தாண்டி வெளியே போகும் இடத்தில் கடல் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது கிளாண்ட், அதற்குள் சாஃப்டைச் சுற்றி அடைத்திருப்பது பாக்கிங், அதை அழுத்திப் பிடிப்பது நட்டு. முகத்துவாரம் பக்கம் போட் வைத்திருக்கிறவர்கள் அடிக்கடி சொல்வது இது: "சாஃப்ட் கிளாண்டால தண்ணி வந்துது, நட்டை நல்லா இறுக்கிட்டன், இப்ப ஒரு சொட்டும் இல்ல." எனக்குப் பயமே அந்த ஒரு சொட்டும் இல்லாததுதான்.

பழைய மாதிரி, மெழுகு ஊறிய கயிற்றுப் பாக்கிங் போட்ட கிளாண்ட் சொட்டத்தான் வேண்டும். சாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்கு 2, 3 சொட்டு விழட்டும். அந்தத் தண்ணீர்தான் பாக்கிங்கையும் சாஃப்டையும் சூடாகாமல் காக்கிறது. அதை அடைத்துவிட்டு ஓடிய ஒரு போட்டில் பாக்கிங்கை உருவி எடுத்தோம். கயிறு கருகிப்போய், விரலால் நசித்தாலே உதிர்ந்தது, சாஃப்டில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் மூன்று இடத்தில் பள்ளத்தில் தட்டி நின்றது. அப்படிப் பள்ளம் விழுந்த பிறகு எந்தப் பாக்கிங் போட்டாலும் ஒழுகும், சாஃப்டையே மாற்ற வேண்டி வரும்.

இறுக்கத்தான் வேண்டுமென்றால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், இரண்டு போல்ட் உள்ள கிளாண்ட் என்றால் இரண்டையும் சமமாக. லாக் நட்டைப் பூட்டி, கால் மணி நேரம் ஓட்டி, நியூட்ரலுக்கு வந்து, சாஃப்ட் நின்ற பிறகு கிளாண்டில் கை வைத்துப் பாருங்கள். குளிர்நாட்டுக் குறிப்புகளில் "தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும்" என்று போட்டிருப்பார்கள். நமது கடலே 28 பாகை அளவில் இருக்கிறது, அதனால் லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் உடனே தளர்த்துங்கள்.

இறுக்க இடமில்லை என்று பழைய பாக்கிங்குக்கு மேலேயே ஒரு வளையத்தைத் திணிக்கிறார்கள், அது வேண்டாம். போட்டைக் கரையேற்றி, பழையதை முழுக்க எடுங்கள், சாஃப்டுக்கும் கிளாண்டுக்கும் இடையிலான இடைவெளியை அளந்தே கயிறு வாங்குங்கள். ஒவ்வொரு வளையத்தின் வெட்டுவாயும் முந்தியதன் வெட்டுவாய்க்கு நேரே வராமல் தள்ளி இருக்க வேண்டும்.

கிளாண்டைப் போட்டின் சாஃப்ட் குழாயோடு இணைக்கும் றப்பர் ஹோஸின் கிளிப்பையும் பாருங்கள். கார் ரேடியேட்டருக்கு வாங்கும் மலிவுக் கிளிப்பில் பட்டி பளபளவென்று இருக்கும், திருகாணி சாதாரண இரும்பாக இருக்கும், உப்புத் தண்ணீரில் முதலில் போவது அதுதான், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில். உப்புத் தண்ணீரைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் கிளிப் போடுங்கள், ஹோஸின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு.

சுக்கான் கிளாண்டை யாரும் நினைப்பதே இல்லை. சுக்கான் தண்டு சாஃப்ட் போலச் சுற்றுவதில்லை, சூடும் இல்லை, ஆகவே இது சொட்ட வேண்டிய தேவையே இல்லை. ஸ்டியரிங் இறுகாத அளவுக்கு முழுக்க இறுக்கலாம். ஆனால் கட்டி வைத்திருக்கும்போது காய்ந்து கிடக்கிறதே என்று நம்பாதீர்கள். வேகம் பிடித்தால் பின்பக்கம் தாழ்ந்து கிளாண்ட் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போகலாம், அப்போதுதான் உண்மையான ஒழுக்கு தெரியும். பின்பக்கத்தில் இரண்டு பேரை உட்கார வைத்தும் சோதிக்கலாம்.

புதுப் பாக்கிங் இரண்டு கிழமையில் மறுபடி ஒழுகினால் பாக்கிங்கைக் குறை சொல்லாமல், எஞ்சின் மவுண்ட் தாழ்ந்திருக்கிறதா, வெளிப்பக்க றப்பர் பெயாரிங் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் பக்கத்தையும் சாஃப்டையும் இணைக்கும் கப்ளிங் நேராக இருக்கிறதா என்பதைப் போட் தண்ணீரில் மிதக்கும்போது பாருங்கள், கரையில் தாங்குகட்டையில் நிற்கும் போட்டின் உடம்பு கொஞ்சம் வளைந்திருக்கும். சொட்டாத வகை றப்பர் சீல் என்றால், போட்டை மறுபடி தண்ணீரில் இறக்கியதும் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் சீல் காய்ந்தே ஓடும்.

அப்புறம், மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்றுக் காலத்தில் கட்டி வைக்கிறவர்களுக்கு: நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 4 லீட்டருக்கு மேல், ஒரு கிழமைக்கு 30 லீட்டர். பம்ப் அதை இறைக்கும், பெட்டரி இருக்கும் வரை. ஆகவே போட்டைக் கட்டிய அன்றே கிளாண்டுக்குக் கீழே ஒரு வெற்று யோகட் கப் வையுங்கள், மறுநாள் போய் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பாருங்கள்.