வேலை போன பிறகு மருத்துவக் காப்பீடு: நம் ஊர்க்காரர்கள் தேதியில் செய்யும் தவறுகள்

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 15 என்பது எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அடங்கலுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போவதும், இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பதும் ஐப்பசி மாதத்து வழக்கம். அதே வீட்டுப் பிள்ளை சென்னையிலோ பெங்களூரிலோ வேலை இழந்து பெட்டியோடு வந்து இறங்கும்போது, மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரிவதில்லை.

நான் கும்பகோணத்தில் காப்பீட்டு முகவராக இருக்கிறேன். கமிஷன் வாங்குகிறவன் சொல்லும் யோசனை இது என்பதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

வலங்கைமான் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மகன் சென்னையில் மென்பொருள் வேலையில் இருந்தார். ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். கணக்கு முடித்துப் பணம் வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை தான் ஊழியர்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். பதினெட்டாம் நாள் அப்பாவுக்கு நெஞ்சுவலி. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அட்டையை நீட்டினால், கணினியைப் பார்த்துவிட்டு, இது நடப்பில் இல்லை என்றார்கள். கடைசி வேலைநாளோடு பெயரை நீக்கியிருந்தது நிறுவனம். கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்துத்தான் ஸ்டென்ட் வைத்தார்கள்.

முதல் தவறு அதுதான். ஊழியர்களுக்காக நிறுவனம் எடுக்கும் குழுக் காப்பீடு உங்கள் பெயரில் உள்ள பாலிசி இல்லை. நிறுவனத்தின் பெயரில் உள்ளது. பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு முடியும். சில நிறுவனங்கள் மட்டும் பாலிசி ஆண்டு முடியும்வரை விட்டுவைக்கும். உங்களுடையது எந்த வகை என்பதை மனிதவளப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் வேறு மாதிரி சொல்லக்கூடும். அங்கே கோப்ரா என்று ஒரு சட்டம் உண்டு. வேலை போனவர் முழுப் பிரீமியத்தையும் தாமே கட்டி, பொதுவாக 18 மாதம் வரை அதே குழுவில் தொடரலாம். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. இங்கே இருப்பது, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கோ குடும்பப் பாலிசிக்கோ மாறிக்கொள்ளும் வழி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. நிறுவனம் உங்கள் உடல்நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்யும், பிரீமியமும் கூடும். ஆனாலும் குழுவில் இருந்த ஆண்டுகள் காத்திருப்புக் காலத்தில், அதாவது சில நோய்களுக்குப் பணம் கிடைக்காத தொடக்க ஆண்டுகளில், கழியும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு இப்போது அதிகபட்சம் 3 ஆண்டு. நான்கு ஆண்டு குழுவில் இருந்த சர்க்கரை நோயாளிக்கு இதன் அருமை தெரியும். இடையில் விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துப் புதிதாக எடுத்தால் எல்லாம் முதலிலிருந்து. ஆகவே விண்ணப்பத்தை, பெயர் நீக்கப்படுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

கொடுக்க ஆதாரம் வேண்டும் அல்லவா? பலரும் கோட்டைவிடும் இடம் இது. கடைசி நாள் மாலை அலுவலக மின்னஞ்சல் மூடப்படும். காப்பீட்டுச் செயலியும் அதோடு சேர்ந்து போகும். அதற்கு முன்பாக மின்அட்டை, பாலிசி எண், எந்த ஆண்டிலிருந்து யார் யார் பெயர் சேர்ந்திருக்கிறது என்ற விவரம், பழைய கிளைம் கோரிக்கைகள் எல்லாவற்றையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டிய பழைய பில் இருந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். பிரிவுபசார விருந்துக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

திருப்பூர், கோவைப் பக்கம் மில்லிலும் பட்டறையிலும் இருந்துவிட்டு வருபவர்களின் தவறு நேரெதிர். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குச் சந்தா பிடித்திருப்பார்கள். வேலை போனதும் அதுவும் போயிற்று என்று அட்டையை எங்கேயோ போட்டுவிடுகிறார்கள். கணக்கு அப்படி இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அதற்கான பயன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. சந்தாக் காலத்தில் 78 நாள் கட்டியிருந்தால், வேலையில் இல்லாவிட்டாலும் அந்தப் பயன் காலம் முடியும்வரை மருத்துவம் உண்டு. ஆடி மாதத்தோடு வேலை போன ஒருவருக்கு ஏப்ரலிலிருந்து 78 நாள் சேர்ந்திருந்தால், அடுத்த ஆனி பாதிவரை, அதாவது ஜூன் 30 வரை, குடும்பத்துக்கே பாதுகாப்பு இருக்கிறது. பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணைத் தொலைக்காதீர்கள். திருப்பூர் இ.எஸ்.ஐ. மருந்தகத்தின் பெயரிலேயே விட்டுவைக்காமல், வீட்டுக்கு அருகில் உள்ளதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய சிகிச்சை என்றால் திருச்சியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது.

இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் ஒரு சொல்லில் கவனமாக இருக்க வேண்டும்: ராஜினாமா. சொந்தக் காரணத்துக்காக விலகுவதாக எழுதிக் கொடுத்துவிடு, அடுத்த வேலைக்கு நல்லது என்று மேலாளர் இனிமையாகச் சொல்வார். இ.எஸ்.ஐ.யின் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டம் ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகை தருவது. அதைப் பெறும் காலம் முழுக்க அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவமும் சேர்ந்து கிடைக்கும். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அந்த வாசலைத் தாமே சாத்திக்கொள்கிறார். வேலை நீக்கக் கடிதத்தில் உண்மைக் காரணம் இருக்கட்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளுக்கானது, நேற்றுவரை சம்பளம் வாங்கிய நமக்கு எதற்கு என்று ஒரு கூச்சம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் வந்துவிட்டால் கூச்சத்துக்கு இடமில்லை. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போக வேண்டும். ஆனால் காய்ச்சலுக்குப் போய் அட்டையை நீட்டக்கூடாது. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனையில்தான் செல்லும். நோய் வந்த பிறகு அட்டைக்கு அலைவதைவிடக் கொடுமை வேறில்லை; அரசு மருத்துவமனை வாசலில் அப்படி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மனைவி வேலையில் இருந்தால் அவருடைய குழுவில் உங்களைச் சேர்க்க முடியுமா என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். கூடுதல் டாப்-அப் மட்டும் கையில் இருப்பவர்கள் அதை நம்பி இருக்க வேண்டாம். சிகிச்சைச் செலவு அதில் குறித்துள்ள அடித்தொகையைத் தாண்டிய பிறகுதான் அது பேசும்.

தனிப் பாலிசி எடுப்பது என்று முடிவானால் இரண்டு செய்திகள் சாதகம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. முகவரி கும்பகோணம், மன்னார்குடி என்றால் சில பாலிசிகளில் பிரீமியமும் குறையும். அப்படிக் குறைத்த பாலிசியை வைத்துக்கொண்டு சென்னையில் சிகிச்சைக்குப் போனால் ஒரு பங்கு கையிலிருந்து கொடுக்க நேரலாம்; கையெழுத்துக்கு முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.

இனி என் தொழிலில் உள்ளவர்களைப் பற்றி. குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தனிப் பாலிசிக்கு விண்ணப்பிக்கும் முன்மொழிவுப் படிவம் கேட்கும். அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று முகவரே குறி போடுவதும் உண்டு. பிறகு அப்பா மருத்துவமனையில் சேர்கிறார். இரவுப் பணி மருத்துவர் எத்தனை வருடமாகச் சர்க்கரை என்று கேட்கிறார். பெரியவர் தோராயமாகப் பத்து வருடம் என்கிறார். கேஸ் தாளில் அது ஏறிவிடுகிறது. உண்மையில் மூன்று வருடமாகக்கூட இருக்கலாம். கோரிக்கையை மறுக்க அந்த ஒரு வரி போதும். பாலிசி தொடர்ந்து 5 ஆண்டு ஓடிவிட்டால், மோசடி நிரூபணமானால் தவிர, நோயை மறைத்தீர்கள் என்று சொல்லி மறுக்க முடியாது. அதுவரை காப்பாற்றுவது நீங்கள் நிரப்பிய உண்மையான படிவம்தான். அதை நீங்களே நிரப்புங்கள், நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கண்டுபிடித்த நாளின் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு பீரோவில் இருந்தால் அதையும் அதே உறையில் போடுங்கள்.

அப்படியும் மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கி, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.