சிங்கப்பூரில் கிளை திறக்குமுன்: நெல்லை ஹோட்டல்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் புரோட்டாக் கடை நடத்தும் நண்பர் போன மாதம் ஒரு நோட்டோடு வந்தார். சிங்கப்பூரில் கிளை திறக்கிறாராம். அட்வான்ஸ், வாடகை, அடுப்பு, மேசை நாற்காலி எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதியிருந்தார்.

"சால்னாவுக்குக் கசகசா போடுவியளா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பின்னே? அது இல்லாம சால்னா கெட்டியாவுமா?"

சிங்கப்பூரில் கசகசாவுக்குத் தடை. அதில் துளியளவு மார்ஃபின் இருக்கலாம் என்பதால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடைதான். பையில் ஒரு பொட்டலம் இருந்தாலே வம்பு.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான். இங்கே மளிகைக் கடையில் கேட்டதும் கிடைப்பது அங்கேயும் கிடைக்கும் என்று நினைத்துவிடுகிறோம். கசகசாவை விட்டுவிட்டு, முந்திரியும் தேங்காயும் கூட்டி அரைத்து நம்ம ஊர் அடுப்பிலேயே பல முறை வைத்துப் பாருங்கள். தினமும் வருகிறவர்களுக்கு ஊற்றுங்கள். ருசி மாறியிருந்தால் அவர்களே சொல்லிவிடுவார்கள். தேங்காய்ப் பாலில் வைக்கும் சோதிக் குழம்புக்கும் அப்படியே. டப்பாத் தேங்காய்ப் பாலில் முதல் பால், இரண்டாம் பால் என்ற பக்குவமே கிடையாது. டப்பா வாங்கி இங்கேயே செய்து பார்க்க வேண்டும்.

அடுத்தது மாஸ்டர். பல கடைகளில் ருசி முழுக்க ஒரே ஆளின் கையில் இருக்கிறது. "ஒரு பிடி" என்பதைக் கிராம் கணக்கில் எழுதி வைக்காமல் கிளம்பாதீர்கள். பத்துப் பேரை இங்கிருந்தே கூட்டிப் போகலாம் என்ற கணக்கும் பலிக்காது. இந்திய உணவகச் சமையல்காரர்களை சிங்கப்பூர் வொர்க் பெர்மிட்டில் அனுமதித்ததே 2023 செப்டம்பரில்தான். மாதம் குறைந்தது 2,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) சம்பளம் தர வேண்டும். உள்ளூர் ஆட்களை வேலைக்கு வைத்தால்தான் வெளிநாட்டு ஆட்களுக்கு இடம் கிடைக்கும்.

சரி, பணம். தனி ஆளாக முதலீடு செய்தால் ஒரு நிதியாண்டில் இந்தியாவிலிருந்து அனுப்ப 2,50,000 அமெரிக்க டாலர்தான் உச்சம். வங்கியில் படிவம் கொடுத்து, முதலீட்டுக்கான அடையாள எண் வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும். அவசரப்பட்டு வங்கிக்கு வெளியே உண்டியல் வழியில் அனுப்பினால், நாளைக்கு வரும் லாபத்தை முறையாக ஊருக்குக் கொண்டுவர வழியிருக்காது. கடைப் பெயரையும் அங்கே வர்த்தக முத்திரையாகத் தனியாகப் பதிய வேண்டும். இந்தியப் பதிவு அங்கே செல்லாது. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் முத்திரை பதிய வழி செய்யும் மாட்ரிட் ஒப்பந்தத்தில் இந்தியா 2013-இல் சேர்ந்துவிட்டதால் இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம்.

வாடகை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைக் கட்டாயம் படியுங்கள். காலி செய்யும்போது கடையைப் பழைய நிலைக்கு மாற்றித் தரச் சொல்வார்கள். புகைபோக்கி, டைல்ஸ் எல்லாம் பெயர்க்கும் செலவு உங்கள் தலையில்.

அப்புறம் கூட்டம். முதல் மாதம் ஊர்ப் பாசத்தில் நம்மவர்கள் வருவார்கள். அதை வைத்துக் கணக்குப் போடாமல், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அந்தத் தெருவில் நின்று எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள் என்று எண்ணுங்கள்.

நண்பர் இப்போது கசகசா இல்லாத சால்னாவை மூன்றாம் முறை வைத்திருக்கிறார். நேற்று ருசி பார்த்தேன். காரம் சரியாக இருக்கிறது. கெட்டி இன்னும் வரவில்லை.