ஹாஸ்மட் மானியம்: முதல் தடவை விண்ணப்பிக்கும் தொண்டு அமைப்புகளுக்கு

2023 பிப்ரவரி 3 இரவு, அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற சிற்றூரில் சரக்கு ரயில் ஒன்றின் 38 பெட்டிகள் தடம்புரண்டன. எந்தப் பெட்டியில் என்ன சரக்கு என்ற பட்டியல் தீயணைப்பு வீரர்களின் கைக்குத் தாமதமாகத்தான் வந்தது. அப்படி முதலில் ஓடிவந்து நிற்பவர்களையும் ஊர் மக்களையும் தயார்ப்படுத்தத்தான் இந்த மானியங்கள். அபாயகரமான பொருட்களை இங்கே எல்லாரும் ‘ஹாஸ்மட்’ என்றே சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் படி: எந்தக் கதவைத் தட்டுவது?

பணம் வருவது மத்தியப் போக்குவரத்துத் துறையின் கீழுள்ள பிஎச்எம்எஸ்ஏ அலுவலகத்திலிருந்து (பேச்சில் ‘ஃபிம்சா’). பெரிய மானியமான எச்எம்இபி (ஹாஸ்மட் அவசரகாலத் தயார்நிலை மானியம்) மாநிலங்களுக்கும் பழங்குடி அரசுகளுக்கும்தான். தொண்டு அமைப்பு நேரடியாகக் கேட்க முடியாது. நமக்கென்று இருப்பவை கம்யூனிட்டி சேஃப்டி கிராண்ட், தன்னார்வத் தீயணைப்பு வீரர்களின் பயிற்சிக்கான அலர்ட் போன்றவை.

இதில் ஒரு வார்த்தையைப் பலர் கவனிப்பதில்லை. கம்யூனிட்டி சேஃப்டி கிராண்ட் கேட்பது ‘தேசிய அளவிலான’ விழிப்புணர்வும் பயிற்சியும். ஒரே கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) இயங்கும் அமைப்பு அதற்கு மாதக்கணக்கில் உழைப்பது வீண் என்பது என் கருத்து. அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டாம் படிதான் வழி.

இரண்டாம் படி: எல்இபிசியில் போய் உட்காருங்கள்

உள்ளூர் அவசரகாலத் திட்டக் குழுவைத்தான் எல்இபிசி என்கிறோம். 1984 போபால் விஷவாயுக் கசிவின் அதிர்ச்சியில் அமெரிக்கா 1986இல் இயற்றிய சட்டத்தில் பிறந்த குழு இது. தீயணைப்பு, காவல், மருத்துவமனை, ஊடகம் ஆகியவற்றோடு சமூக அமைப்புகளுக்கும் அதில் இடம் தர வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. மாநிலத்துக்கு வரும் எச்எம்இபி பணத்தில் இந்தக் குழுக்களின் திட்டமிடல் வேலைகளும் நடக்கின்றன. ஒத்திகை நடத்த, கணக்கெடுப்பு செய்ய ஆள் தேடும்போது, கூட்டத்துக்கு ஒழுங்காக வருகிறவரைத்தான் முதலில் கேட்பார்கள்.

மூன்றாம் படி: உங்கள் ஊர் வழியாக என்ன போகிறது?

விண்ணப்பத்தின் உயிர் இதுதான். “எங்கள் பகுதி பெரும் ஆபத்தில் உள்ளது” என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். எண்ணிக்கை வேண்டும்.

நாங்கள் செய்தது இது. நெடுஞ்சாலை ஓரத்து டிரக் ஸ்டாப்பில் காரை நிறுத்தி, ஃபிளாஸ்க்கில் காபியோடு இரண்டு பேர் உட்கார்ந்தோம். ஒருவர் டேங்கரைப் பார்ப்பார், ஒருவர் நோட்டில் குறிப்பார். டேங்கரின் பின்புறமும் பக்கவாட்டிலும் சாய்சதுர அட்டை இருக்கும். அதில் நான்கு இலக்க எண். 1203 என்றால் பெட்ரோல், 1075 எல்பிஜி, 1005 அம்மோனியா, 1017 குளோரின். முதல் ஒரு மணி நேரம் 1203ஐத் தவிர வேறெதுவும் வரவில்லை, நண்பருக்குக் கொட்டாவி. பிறகு ஒரு 1005 போனது. அது போகிற சாலையில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அந்த ஒரு வரிதான் எங்கள் விண்ணப்பத்தின் முதல் பத்தியானது.

ரயிலைக் கவனிப்பதானால் பொதுச் சாலையிலேயே நில்லுங்கள். ரயில்வே இடத்துக்குள் கால் வைக்காதீர்கள். ஆலைகள் ஆண்டுதோறும் மார்ச் 1க்குள் தரும் டயர் டூ அறிக்கைகளை எல்இபிசியிடம் கேட்டால், எந்த ஆலையில் என்ன இருப்பு என்பதும் தெரியும்.

நான்காம் படி: பதிவு

சாம் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் பதிந்து, யுஇஐ என்ற 12 எழுத்து-எண் கொண்ட அமைப்பு அடையாளக் குறியீட்டை வாங்க வேண்டும். அதன் பிறகு, விண்ணப்பத்தை அனுப்பும் தளமான கிராண்ட்ஸ் டாட் கவ். இரண்டும் இலவசம், பணம் கேட்டு வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். சாம் பதிவை ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். எங்கள் பதிவில் ‘இ-பிஸ்’ தொடர்பாளராக இருந்தவர் எப்போதோ விலகிப்போன பொருளாளர். விண்ணப்பத்தை அனுப்பும் அதிகாரத்தை அவர்தான் எனக்குத் தர வேண்டும். அவருடைய மின்னஞ்சலோ செத்துப்போயிருந்தது. அதைச் சரிசெய்வதற்குள் கெடு தாண்டிவிட்டது. அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இந்த வேலையை இன்றே முடித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: பட்ஜெட்

‘பயிற்சிச் செலவு’ என்று மொத்தமாகப் போடாதீர்கள். பயிற்றுநர் 2 பேர், ஆளுக்கு 8 மணி, மணிக்கு 60 டாலர், ஆக 960 டாலர் என்று பிரித்துக் காட்டுங்கள். ஏன் 8 மணி என்று கேட்டால் பதிலும் இருக்கிறது: கசிவைத் தள்ளி நின்று கட்டுப்படுத்துபவர்களுக்கான ‘ஆபரேஷன்ஸ்’ நிலைப் பயிற்சிக்குக் குறைந்தது 8 மணி நேரம் என்பது பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷாவின் விதி. வாடகை, கணக்காளர் போன்ற மறைமுகச் செலவுக்கு, அரசோடு பேசி முடித்த விகிதம் இல்லாதவர்கள் 15 சதவீதம் வரை போடலாம். 2024 அக்டோபருக்கு முன் இது 10ஆக இருந்தது. மொத்தத் தொகையில் அப்படியே 15 போடக் கூடாது. 10,000 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள கருவிகள் போன்றவற்றைக் கழித்துவிட்டு மீதியில் கணக்கிடுங்கள்.

ஆறாம் படி: அனுப்புவது

கெடுவுக்கு மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். கிடைத்தது என்று ஒரு மின்னஞ்சல் வரும், அதோடு கொண்டாடிவிடாதீர்கள். சரிபார்ப்பில் தேறியதா, பிழையென்று தள்ளப்பட்டதா என்பதை அடுத்த மின்னஞ்சல்தான் சொல்லும். தள்ளப்பட்டிருந்தால் திருத்தி மறுபடி அனுப்பத்தான் அந்த மூன்று நாள்.