மான் சீசனுக்கு முன் ரைஃபிள் ஸ்கோப்பை ஜீரோ செய்வது எப்படி

ரைஃபிளின் மேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கிதான் ஸ்கோப். அதன் குறுக்குக் கோடு காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி திருத்தி வைப்பதைத்தான் ஜீரோ செய்வது என்கிறார்கள். பென்சில்வேனியாவில் ரைஃபிள் மான் சீசன் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை தொடங்குகிறது. 2019 வரும்வரை அது திங்கட்கிழமையாக இருந்தது. சீசனுக்கு முந்தைய வார இறுதியில் துப்பாக்கி சுட்டுப் பழகும் எந்த ரேஞ்சுக்குப் போனாலும் சுடும் பெஞ்சுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு வருடமாக அலமாரியில் கிடந்த ரைஃபிளை எடுத்து வந்து, அவசரமாக நாலு தோட்டா சுட்டு, ஒன்று நடுவில் பட்டதும் போதும் என்று கிளம்புகிறவர்களை அங்கே நிறையப் பார்க்கலாம். அந்த ஒன்று தற்செயலாகப் பட்டதா, துப்பாக்கி உண்மையிலேயே அங்கேதான் சுடுகிறதா என்று அவர்களுக்கே தெரியாது. அதன் பலனை அனுபவிப்பது மான். குடலிலோ தாடையிலோ அடிபட்டு, யாருக்கும் கிடைக்காமல் ராத்திரி முழுக்க எங்கோ கிடந்து சாகும். அப்படி நடக்கக்கூடாது என்றால் செப்டம்பர், அக்டோபரிலேயே இந்த வேலையை உட்கார்ந்து நிதானமாகச் செய்யுங்கள்.

ஊரில் மான் வேட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், அமெரிக்கா வந்த பிறகு இதைக் கற்றுக்கொள்ளும் நம்மவர்களுக்குச் சொல்லித்தர வீட்டில் அப்பாவோ மாமாவோ இருப்பதில்லை. அதனால் சட்ட விஷயம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எச்1பி, எல்1, எஃப்1 மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு. நண்பரின் துப்பாக்கியை ரேஞ்சில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதுகூடச் சிக்கலில் முடியலாம். முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து லைசென்ஸ் வாங்குங்கள், சந்தேகம் இருந்தால் வக்கீலைக் கேளுங்கள், அப்புறம் துப்பாக்கியைத் தொடலாம். பென்சில்வேனியா கேம் கமிஷனின் ரேஞ்சுகளில் சுடுவதற்கும் வேட்டை லைசென்ஸ் அல்லது ரேஞ்ச் பெர்மிட் வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். ரேஞ்சுக்குப் போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியதுதான் பாதி வேலை. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைச் சோதியுங்கள். ஜீரோ நிற்கவில்லை, ஸ்கோப் கெட்டுவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு உண்மையான பிரச்சினை தளர்ந்த ஸ்க்ரூதான். இன்ச்-பவுண்டு காட்டும் சின்ன டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப்பைச் சுற்றியிருக்கும் வளைய ஸ்க்ரூக்களுக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 இன்ச்-பவுண்டு போதும், ஆனாலும் ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் உங்கள் மவுண்டோடு வந்த தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே சரி. கை பலத்தில் இறுக்கினால் ஸ்கோப் குழாயே நசுங்கும். மவுண்டின் அடித்தட்டு ஸ்க்ரூக்களில், தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு துளி வைக்கலாம். சிவப்பு வேண்டாம், பிறகு கழற்றவே முடியாது.

புதிதாக ஸ்கோப் மாட்டுகிறீர்கள் என்றால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். பெரும்பாலான வேட்டை ஸ்கோப்புகளுக்கு அது மூன்றரை இன்ச் வாக்கில் இருக்கும். இதை டி-ஷர்ட் போட்டுக்கொண்டு பார்க்காதீர்கள். நவம்பர் கடைசியில் போடப்போகும் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு, ஸ்கோப் பெரிதாக்கிக் காட்டும் பவரை உச்சத்தில் வைத்து, கண்ணை மூடியபடி துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, அப்புறம் கண்ணைத் திறங்கள். தலையை அசைக்காமலே முழு வட்டமும் தெளிவாகத் தெரிய வேண்டும். ரொம்ப அருகில் இருந்தால் சுடும்போது வரும் பின்னடியில் ஸ்கோப் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். குறுக்குக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைத் தூரத்தில் தொங்கவிட்டு, துப்பாக்கியைச் சாயாமல் வைத்துக்கொண்டு, ஸ்கோப்பின் செங்குத்துக் கோட்டை அந்த நூலோடு பொருத்துங்கள்.

அடுத்தது தோட்டா. எந்தத் தோட்டாவை வைத்து வேட்டையாடப் போகிறீர்களோ அதே தோட்டாவைத்தான் ரேஞ்சிலும் சுட வேண்டும். விலை குறைவு என்று ஒன்றை வைத்து ஜீரோ செய்துவிட்டு, காட்டுக்கு வேறொன்றை எடுத்துப் போவது செய்த வேலையெல்லாம் வீணாக்கும் காரியம். 30-06 வகைத் தோட்டா சுடும் துப்பாக்கியில் 150 கிரெய்ன் எடையுள்ள குண்டும் 180 கிரெய்ன் குண்டும் ஒரே இடத்தில் விழாது. எடை ஒன்றாக இருந்தாலும், ஈயக் குண்டிலிருந்து செம்புக் குண்டுக்கு மாறினால் இடம் மாறலாம். பெட்டியில் போட்டிருக்கும் லாட் எண் ஒன்றாக இருக்கிற மாதிரி இரண்டு மூன்று பெட்டி சேர்த்து வாங்கிவிடுங்கள். பேரலில், அதாவது துப்பாக்கிக் குழலில், பொறித்திருக்கும் பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

ரேஞ்சில் காதுக்கு அடைப்பான், அதற்கு மேல் மஃப், கண்ணுக்குக் கண்ணாடி. குழல் எப்போதும் இலக்குத் திசையில். சுடுவதை நிறுத்தச் சொன்னால் தோட்டாவை எடுத்து, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பெஞ்சிலிருந்து விலகி நில்லுங்கள். மற்றவர்கள் இலக்குப் பலகைக்கு நடந்து போயிருக்கும்போது ஸ்கோப் வழியாக எட்டிப் பார்ப்பதுகூடக் கூடாது. துப்பாக்கியை முன்னும் பின்னும் மணல் பையில் வையுங்கள். முன் பை பேரலைத் தாங்கும் கட்டைக்கு அடியில்தான் இருக்க வேண்டும், பேரல் எதன்மேலும் படக்கூடாது.

முதல் தோட்டா போடுவதற்கு முன்பே ஸ்கோப்பை ஓரளவு சரி செய்துவிடலாம். போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கி என்றால் போல்ட்டை உருவிவிட்டு, குழலின் பின்பக்கமிருந்து உள்ளே பாருங்கள். சுத்தம் செய்த துணி ஏதும் உள்ளே சிக்கியிருந்தால் அதுவும் அப்போது தெரிந்துவிடும். 25 யார்டில் இருக்கும் இலக்கின் கறுப்புப் புள்ளி குழல் வட்டத்தின் நடுவில் வரும்வரை துப்பாக்கியை நகர்த்தி மணல் பையில் அழுத்தி வையுங்கள். இனி துப்பாக்கி அசையாமல், ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் இருக்கும் திருகுகளால் குறுக்குக் கோட்டை மட்டும் நகர்த்தி அதே புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். இங்கேதான் பலர் குழம்புவார்கள். திருகின் மேல் இருக்கும் அம்புக்குறி குண்டு எந்தப் பக்கம் நகரும் என்பதைக் காட்டுகிறது, கோடு அதற்கு எதிர்ப்பக்கம் நகரும். கோட்டை வலப்பக்கம் கொண்டுவர வேண்டுமென்றால் இடது என்று போட்டிருக்கும் பக்கம் திருக வேண்டும். லேசர் கருவி வைத்துச் செய்கிறவர்கள், சுடுவதற்கு முன் அதைக் குழலிலிருந்து எடுத்துவிட்டோமா என்று இருமுறை பாருங்கள். அது உள்ளே இருக்கும்போது சுட்டால் குழல் வெடிக்கலாம்.

இப்போது 25 யார்டில் ஒரே ஒரு தோட்டா. எடுத்த எடுப்பில் 100 யார்டில் ஆரம்பித்தால் குண்டு காகிதத்திலேயே படாமல் போகலாம், எந்தப் பக்கம் போனது என்றும் தெரியாது. கணக்கு எளிது. பெரும்பாலான அமெரிக்க வேட்டை ஸ்கோப்புகளில் திருகின் ஒரு கிளிக் என்பது கால் எம்ஓஏ என்ற கோண அளவு, அதாவது 100 யார்டில் ஏறக்குறைய கால் இன்ச். ஆக 100 யார்டில் ஒரு இன்ச் நகர்த்த 4 கிளிக், 50 யார்டில் 8, 25 யார்டில் 16. உங்கள் குண்டு 25 யார்டில் 2 இன்ச் கீழேயும் 1 இன்ச் வலப்பக்கமும் விழுந்தால், 32 கிளிக் மேலே, 16 கிளிக் இடது. இன்னொன்று சுட்டுப் பாருங்கள். புள்ளிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் 100 யார்டுக்குப் போகலாம். அங்கே குண்டு இரண்டு இன்ச் உயரத்தில் விழுந்தால் பயப்பட வேண்டாம். ஸ்கோப் குழலுக்கு மேலே ஒன்றரை இன்சில் உட்கார்ந்திருக்கிறது, குண்டு கீழேயிருந்து ஏறி வந்து 25 யார்டு வாக்கில் பார்வைக் கோட்டைக் கடந்து இன்னும் மேலே போகிறது, அவ்வளவுதான்.

100 யார்டில் பொறுமைதான் எல்லாம். ஒரு தோட்டா சுட்டுவிட்டுத் திருகாதீர்கள். எந்தத் துப்பாக்கியும் எல்லாக் குண்டையும் ஒரே ஓட்டையில் போடாது, ஒவ்வொரு குண்டையும் துரத்திக்கொண்டு திருகினால் பெட்டி காலியாகும், ஜீரோ வராது. ஒரே இடத்தைக் குறிவைத்து மூன்று சுடுங்கள், மூன்று ஓட்டைகளையும் சேர்த்தால் வரும் முக்கோணத்தின் நடுவைப் பாருங்கள், அந்த நடுவைத்தான் நகர்த்த வேண்டும். நடு 3 இன்ச் கீழே, ஒன்றரை இன்ச் வலது என்றால் 12 கிளிக் மேலே, 6 கிளிக் இடது. அப்புறம் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருங்கள். வேட்டைத் துப்பாக்கியின் பேரல் மெல்லியது, சூடேறினால் குண்டு விழும் இடம் மாற ஆரம்பிக்கும். கையால் பிடித்தால் சுடாத அளவுக்கு ஆறட்டும். பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம், ஆகட்டும்.

மூன்று குண்டும் ஒன்றரை, இரண்டு இன்சுக்குள் விழுந்தால் மான் வேட்டைக்குத் தாராளம். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய 8 இன்ச் அகலம். நாலைந்து இன்ச் சிதறினால் ஸ்கோப்பைக் குறை சொல்வதற்கு முன் ஸ்க்ரூவைப் பாருங்கள், வேறு தோட்டாவைப் போட்டுப் பாருங்கள், முக்கியமாக உங்களையே பாருங்கள். 30-06 நன்றாகவே உதைக்கும். அந்த உதைக்குப் பயந்து விசை இழுபடும் கணத்தில் கண்ணை மூடித் தோளை முன்னால் தள்ளுவது பலருக்கும் உள்ள பழக்கம், செய்கிறவருக்கே தெரியாது. நண்பரிடம் சொல்லி, நிஜத் தோட்டாவையும் ஸ்னாப் கேப் எனப்படும் போலித் தோட்டாவையும் கலந்து போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். எது வருகிறது என்று தெரியாமல் விசையை இழுக்கும்போது போலித் தோட்டாவில் குழல் துள்ளினால் விஷயம் புரிந்துவிடும். இதற்கு மருந்து, வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் போலித் தோட்டாவோடு விசை இழுத்துப் பழகுவதுதான். அந்த அறையில் நிஜத் தோட்டா ஒன்றுகூட இருக்கக்கூடாது.

எந்தத் தூரத்துக்கு ஜீரோ வைப்பது? 100 யார்டில் சரியாக நடுவில் வைத்தால் 30-06, .308 என்ற இரண்டு வகைத் தோட்டாக்களின் குண்டும் 200 யார்டில் மூன்றரை, நாலு இன்ச் இறங்கும். 100 யார்டில் 2 இன்ச் உயரமாக வைத்தால் 200 யார்டு வாக்கில் நடுவில் விழும், 300 யார்டில் 8 இன்ச் இறங்கிவிடும். பென்சில்வேனியாவின் மரங்கள் அடர்ந்த மலைச் சரிவில் 100 யார்டுக்கு மேல் தெளிவாகத் தெரிவதே அபூர்வம், அங்கே 100 யார்டு ஜீரோதான் என் தேர்வு. சோள வயல் ஓரத்தில் உட்காருகிறவர்கள் 2 இன்ச் உயரமாக வைத்துக்கொள்ளட்டும். ஆனால் எந்த ஜீரோவாக இருந்தாலும், ரேஞ்சில் நீங்கள் சுட்டுப் பார்க்காத தூரத்துக்கு மானைச் சுடாதீர்கள்.

இத்தனையும், நடுவில் ஆறவிட்டாலும், சுட்டுச் சுட்டு வெதுவெதுப்பான பேரலில் கிடைத்த ஜீரோ. காட்டில் நீங்கள் சுடப்போவது குளிர்ந்த பேரலிலிருந்து போகும் முதல் குண்டு. அதனால் வேறொரு நாள், முடிந்தால் நல்ல குளிர் நாளில், ரேஞ்சுக்குப் போய் ஒரே ஒரு தோட்டா சுட்டுவிட்டு அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாள் அதே காகிதத்தில் இன்னொன்று. இப்படிச் சேரும் ஓட்டைகள்தான் உங்கள் துப்பாக்கியைப் பற்றிய உண்மை. நடுவில் பேரலைச் சுத்தம் செய்தால் எண்ணெய் படிந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு தள்ளி விழக்கூடும், ஆகவே ஜீரோ முடிந்த பிறகு மழையில் நனைந்தால் ஒழிய சீசன் முடியும்வரை குழலுக்குள் கை வைக்காதீர்கள்.

பெஞ்சிலிருந்து எழுந்தும் சுடுங்கள். ரேஞ்ச் விதி அனுமதித்தால் உட்கார்ந்து, மண்டியிட்டு, சுடும் குச்சியில் சாய்த்து. மரத்தில் கட்டிய ஸ்டாண்டின் இரும்புக் கம்பியில் துப்பாக்கியை அப்படியே வைத்தால் குண்டு மேலே போகும், கட்டைக்கு அடியில் கையையோ கையுறையையோ கொடுங்கள். பெஞ்சில் 9 பவரில் வைத்திருந்த ஸ்கோப்பைக் காட்டில் 3க்கோ 4க்கோ இறக்கிவிடுங்கள், பக்கத்தில் வரும் மானை உயர்ந்த பவரில் தேடினால் வெறும் மயிரும் மரப்பட்டையும்தான் தெரியும்.

சீசனுக்கு முந்தின வாரம் குளிர்ந்த பேரலிலிருந்து ஒரு குண்டு. சரியான இடத்தில் விழுந்தால் திருகின் மூடியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள், சும்மா நாலு கிளிக் திருகிப் பார்க்க வேண்டாம். தள்ளி விழுந்தால் முதலில் ஸ்க்ரூ, பிறகு மறுபடி மூன்று. வழியில் துப்பாக்கி கீழே விழுந்தாலோ கார் டிக்கியில் உருண்டு அடிபட்டாலோ ஜீரோ போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு மறுபடி சுட்டுப் பாருங்கள். சுட்டுப் பார்க்க இடமோ நேரமோ இல்லையென்றால் அன்றைக்குக் காட்டுக்கு பைனாகுலரை மட்டும் கொண்டுபோங்கள்.