ஆப்பிள் கிரம்பிள்: நசநசத்த அடி மொறுமொறுத்த கதை

அடியில் மாவு, நடுவில் ஆப்பிள், மேலே உதிரி மாவு வைத்துச் சுடும் இனிப்புதான் ஆப்பிள் கிரம்பிள். முதலில் செய்த இரண்டு முறையும் மேலே பொன்னிறம். வெட்டினால் அடியில் பசை மாதிரி நசநசவென்று இருந்தது. மாவில் குறை இல்லை, ஆப்பிள் விட்ட சாறுதான் காரணம்.

மூன்றாம் முறை அடி மாவை மட்டும் ட்ரேயில் அழுத்தி, 180 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் தனியே சுட்டேன். ஓரம் லேசாகச் சிவந்த பிறகுதான் பழம். 400 கிராம் ஆப்பிள் துண்டுகளில் ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளவர் புரட்டியதில் சாறு கெட்டிப்பட்டு ஜாம் போலப் பளபளத்தது. மேல்மாவுக்கு வெண்ணெய் ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியோடே இருக்க வேண்டும்; இளகிவிட்டால் உதிரி உதிரியாக வராது. மறுபடி 35 நிமிடம். அதில் கடைசி 15 நிமிடத்துக்குத்தான் வால்நட் தூவினேன், முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கிறது.

முழுதாக ஆறவிட்டு வெட்டினேன். கத்தி அடியைத் தொட்டதும் 'மொறுக்' என்றது. எத்தனை நாள் ஏங்கிய சத்தம் அது!