பரப்பளவு சூத்திரத்துக்கு முன்னாடி தரையில உக்காந்து டைல்ஸ் எண்ணுங்க

அக்கா பொண்ணு அஞ்சாவது படிக்கிறா. நீளம் இன்டு அகலம்னு டக்குனு சொல்லிடுவா, ஆனா பரப்பளவுன்னா என்னன்னு கேட்டா முழிப்பா. அதனால நோட்டை மூடி வெச்சிட்டு ஹால் தரையில உக்காந்தோம், நீங்களும் அங்கயே ஆரம்பிங்க.

எங்க ஹால் எல் ஷேப், ஒரு பக்கம் 14 அடி இன்னொரு பக்கம் 12 அடி, ஒரு மூலையில 14 அடி பக்கத்துல 6 அடி, 12 அடி பக்கத்துல 4 அடின்னு பாத்ரூம் எடுத்துக்கிச்சு. டைல்ஸ் ரெண்டுக்கு ரெண்டு. விரலால தொட்டு எண்ண விடுங்க, அவசரப்படுத்தாதீங்க. ரெண்டாவது வரிசையிலயே "மாமா, இதுலயும் ஏழுதான், எதுக்கு எண்ணணும்?"னு கேட்டா பாருங்க, அந்தக் கேள்விதான் பெருக்கல், நாம முந்திக்கிட்டு சொல்லிடக் கூடாது. நாலு வரிசையில ஏழேழு, பாத்ரூம் ஓரம் ரெண்டு வரிசையில நாலு நாலு, மொத்தம் 36. ஒரு டைல் 4 சதுர அடி, அப்போ 144.

அப்புறம் சாக்பீஸால கோடு போட்டு ரெண்டா பிரிங்க. 14க்கு 8 ஒண்ணு, 8க்கு 4 ஒண்ணு, 112ம் 32ம் 144. அழிச்சிட்டு வேற மாதிரி பிரிக்கச் சொல்லுங்க, 8க்கு 12, 6க்கு 8, 96ம் 48ம் அதே 144. இல்ல முழுசா 168 போட்டு பாத்ரூமோட 24ஐ கழிச்சாலும் அதேதான். பசங்க சறுக்குறது துண்டோட அளவுல, அந்த 8 படத்துல எங்கயும் எழுதியிருக்காது, 14ல 6 போச்சுன்னா 8னு அவங்களே கண்டுபிடிக்கணும்.

அடுத்து சாய்ஞ்ச வடிவம். கட்டம் போட்ட நோட்டுல அடிப்பக்கம் 8 கட்டம், உயரம் 3, மேல் கோட்டை 4 கட்டம் தள்ளி வரைங்க. சாய்வுப் பக்கம் சரியா 5 வரும். அவ உடனே எட்டஞ்சு நாப்பதுன்னா. நான் ஒண்ணும் சொல்லல, கத்திரிக்கோலைக் குடுத்தேன். ஒரு ஓரத்து முக்கோணத்தை வெட்டி அந்தப் பக்கம் ஒட்டினா 8க்கு 3 செவ்வகம், 24 கட்டம்தான். முக்கோணத்துக்கும் இதே வித்தை, ஒரே மாதிரி ரெண்டு வெட்டி சேர்த்தா இந்த சாய்ஞ்ச வடிவம் வந்துரும், அதுல பாதி.

இந்த 40க்கும் 24க்கும் உள்ள வித்தியாசம் நிலம் வாங்குறவங்களுக்கும் ரொம்ப முக்கியம்ங்க. கோணல் மனைக்கு எதிரெதிர் பக்கத்தைக் கூட்டி ரெண்டால வகுத்து பெருக்குற வழக்கம் இன்னும் இருக்கு, மூலை சதுரமா இல்லன்னா அதுல இல்லாத இடமும் சேர்ந்துதான் வரும், நம்ம நோட்டுப் படத்துக்கு அப்படிப் போட்டா அதே 40தான். மூலைக்கு மூலை டேப் பிடிச்சு ரெண்டு முக்கோணமா பிரிங்க, அந்தக் குறுக்குக் கோட்டுல இருந்து மத்த ரெண்டு மூலைக்கும் செங்குத்தா எவ்ளோ தூரம்னு அளங்க, ரெண்டையும் கூட்டி குறுக்குக் கோட்டால பெருக்கி பாதியாக்குங்க. சர்வே எஃப்.எம்.பி. படத்தை, அதாவது சர்வே துறை நிலத்தை அளந்து போட்ட வரைபடத்தை, எடுத்துப் பாத்தீங்கன்னா நிலத்துக்குள்ள இப்படித்தான் குறுக்குக் கோடு ஓடும்.