மாசியில் நான்கு ஞாயிறு: நெல்லைச் சீமையைச் சுற்ற ஒரு வழி

ஊர் சுற்றுவதென்றால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஆனி, ஆடியைத்தான் சொல்வார்கள். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா, சாரல் இருக்கிறதா என்பதுதான் அப்போது பேச்சு. நான் மாசி மாதத்தைச் சொல்வேன். பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். ஆறு நாள் வேலை, ஞாயிறு ஒன்றுதான் என்னுடையது. அந்த ஞாயிறுகளை வைத்து நானும் எங்கள் மைனியும், அதாவது அண்ணன் மனைவி, வருடந்தோறும் மாசியில் ஒரு சுற்று போய் வருகிறோம். ஒரு ஸ்கூட்டர், இரண்டு பேர், கையில் கட்டுச்சோறு. இதே போல் போக நினைப்பவர்களுக்காக, குறிப்பாகப் பெண்களுக்காக, எழுதுகிறேன்.

ஏன் மாசி? ஆடியில் ஸ்கூட்டர் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடி, காவல்கிணறு பக்கம் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். லாரியை ஒட்டிப் போகும்போது காற்று சட்டென்று நிற்கும், லாரியைத் தாண்டியதும் மறுபடி அறையும். அந்த ஒரு நொடியில்தான் கை தடுமாறும். குற்றாலமோ சீசனில் கூட்டம், தண்ணீரும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துப் போனது. மார்கழியை 2023-க்குப் பிறகு நான் நம்புவதே இல்லை. அந்த டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோனது. சித்திரை, வைகாசி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாசியில் காற்று அடங்கியிருக்கும், பிசானப் பருவ நெல் அறுப்புக்கு வந்திருக்கும், கூந்தன்குளம் சரணாலயத்தில் பறவைகள் குஞ்சு பொரித்திருக்கும், பனையில் பதநீர் இறங்கத் தொடங்கியிருக்கும். இத்தனையும் ஒரே மாதத்தில் வேறு எப்போது கிடைக்கும்?

முதல் ஞாயிறு ரயிலில் போங்கள். விடிகாலை எழுந்து பழகாத உடம்பை எடுத்ததும் நீண்ட வண்டிப் பயணத்தில் போடக் கூடாது. நெல்லை ஜங்ஷனில் காலைச் செங்கோட்டைப் பாசஞ்சர் ஏறி இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். சேரன்மகாதேவி தாண்டியதும் பொதிகை மலை கூடவே வரும். வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அப்புறம் தாமிரபரணிப் பாலம், அதைக் கடந்தால் அம்பாசமுத்திரம். அங்கே இறங்கிப் பாபநாசத்துக்கு பஸ். சாதாரண நகரப் பேருந்தாக இருந்தால் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, போர்டைப் பார்த்து ஏறுங்கள்.

பாபநாசத்தில் கோயில் படித்துறையில் மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டு மேலே அகத்தியர் அருவிக்குப் போகலாம். மற்ற அருவிகள் வற்றிக் கிடக்கும் மாதத்திலும் இதில் தண்ணீர் இருக்கும். வழியில் வனத்துறை சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பை, சோப்பு, ஷாம்பு எதையும் கொண்டுபோகாதீர்கள். அது புலிகள் காப்பகம், களக்காடு முண்டந்துறை. குளித்து முடித்து உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டால் பாவம் போகும் என்று சிலர் பாபநாசத்தில் விட்டுவிட்டு வருகிறார்கள். படியிறங்கும்போது அப்படி யாரோ விட்ட புடவை காலில் சுற்றிக்கொண்டு ஒருமுறை நானே விழப் பார்த்தேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஆறு கீழே எத்தனை ஊருக்குக் குடிதண்ணீர்!

திரும்பும்போது கல்லிடைக்குறிச்சியில் இறங்கி அப்பளம் வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் வீட்டுக்கு வரலாம். முதல் நாளுக்கு இது போதும்.

இரண்டாவது ஞாயிறு கூந்தன்குளம். மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் போக முடியும் என்பவர்கள் மற்ற மூன்றையும் விட்டுவிட்டு இதற்குப் போங்கள். முதல் தடவை நாங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வெயில் குளத்தில் பட்டுக் கண் கூசியது, பறவைகள் அசையாமல் மரத்தில் உட்கார்ந்திருந்தன, பிள்ளைகள் ஐஸ் கேட்டு அழுதன. அது தப்பான நேரம். பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். நாலேமுக்காலுக்குக் கிளம்பினால் விடியும்போது கரையில் நிற்கலாம். இருட்டில் மெதுவாகவே ஓட்டுங்கள். அறுப்புக் காலமாதலால் சாலையில் வைக்கோலும் உளுந்துச் செடியும் பரப்பியிருப்பார்கள், அதன்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். வேகத்தைக் குறைத்து, பிரேக் பிடிக்காமல் நேராகக் கடந்துவிடுங்கள்.

ஊருக்குள் நுழையும் முன்பே வாடை அடிக்கும், மீனும் எச்சமும் கலந்த வாடை. இரண்டு நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். பறவைகள் குளத்தில் மட்டும் இல்லை, வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு கட்டியிருக்கும். மஞ்சள் மூக்கு நாரை ஒன்று வாய் நிறைய மீனோடு வந்து இறங்கியதை ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். கூட்டில் இருந்த மூன்று குஞ்சுகளும் கழுத்தை நீட்டிக் கரகரவென்று கத்தின. தாய் தலையைக் குனிந்து கூட்டின் நடுவில் மீனைக் கக்கியது. ஒரு மீன் நழுவிக் கீழே முற்றத்தில் விழுந்தது, அந்த வீட்டுப் பூனை அதற்காகவே காத்திருந்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வீட்டு அம்மா உள்ளேயிருந்து, “சத்தம் போடாதீய தாயி, குஞ்சு வச்சிருக்கு” என்றார். பிரசவ வீட்டில் சொல்வதைப் போல இருந்தது. இந்த ஊரில் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. எச்சம் கரைந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது. அதனால் பறவையும் ஊரும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன.

கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் மூன்றையும் எளிதாக அடையாளம் காணலாம், மூக்கைப் பார்த்தாலே போதும். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் பூநாரையும் தண்ணீர் அளவைப் பொறுத்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் உடுத்தாதீர்கள். ஊருக்குள் ஹாரன் வேண்டாம். பைனாகுலர் இல்லாவிட்டால் பரவாயில்லை, வீட்டு மரங்களில் இருப்பவை கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும். கூட்டுக்கு நேர் கீழே மட்டும் நிற்காதீர்கள். ஒன்பது மணிக்குக் கிளம்பிவிட்டால் வெயிலுக்கு முன் வீடு. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியை வாழையிலையில் கட்டிக்கொண்டு போய்க் குளக்கரையில் சாப்பிட்டால் மதியம் வரை பசிக்காது.

நடுவில் ஒரு வேலைநாள் மாலை டவுனுக்குப் போய் வாருங்கள். நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபையும் இசைத்தூண்களும் பார்த்துவிட்டு, வெளியே வந்து இலையில் சூடாக ஐம்பது கிராம் அல்வா. சொந்த ஊரில் இருப்பவர்கள்தான் இதையெல்லாம் பார்க்காமலே விட்டுவிடுகிறோம்.

மூன்றாவது ஞாயிறு திருச்செந்தூர் சாலை. இதில் வரிசை முக்கியம், ஏனென்றால் கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும். காலையில் கிருஷ்ணாபுரம், உச்சியில் ஆதிச்சநல்லூர், மாலை ஆழ்வார்திருநகரி. கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் நெல்லையிலிருந்து 13 கிலோமீட்டர்தான். நாயக்கர் காலத்துச் சிற்பங்கள், ஒவ்வொன்றும் ஒரே கல். எல்லாவற்றையும் பார்க்க ஓடாதீர்கள். கர்ணன் முன்னால் பத்து நிமிடம் நின்று கையை மட்டும் பாருங்கள். நாகாஸ்திரத்தைப் பிடித்த விரல்களில் நகம் தனியாகத் தெரியும், புறங்கையில் நரம்பு ஓடும். ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு ஓடும் குறவனின் விலா எலும்புகளை எண்ணலாம். காலைச் சாய்வெயில் மண்டபத்துக்குள் விழும் நேரத்தில்தான் இதெல்லாம் தெளிவாகத் தெரியும்.

ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டிய பறம்பு இப்போதும் வெறும் மேடாகத்தான் தெரியும். ஆனால் 2023-இல் அங்கேயே ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். கண்ணாடித் தரைக்குக் கீழே முதுமக்கள் தாழிகள் புதைத்த இடத்திலேயே இருக்கின்றன. மைனி செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கண்ணாடி ஓரமாகவே நடந்தாள். “கீழ ஆள் படுத்திருக்கு, எப்படி மிதிக்க?” என்றாள். நானும் கழற்றினேன்.

ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் இருந்ததாகச் சொல்லும் புளியமரமான உறங்காப்புளியைப் பார்த்துவிட்டு, இருட்டும் முன் திரும்புங்கள். மாலையில் அந்தச் சாலையில் திருச்செந்தூர் போய்வரும் வண்டிகள் அதிகம். மாசித் திருவிழா நடக்கும் நாட்களோடு மோதாமல் தேதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். கழிப்பறை கிடைக்காது என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்யும் பெண்களை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன், அதனால் நீர்க்கடுப்பு வந்து ஒரு வாரம் அவதிப்பட்டேன். போகும் வழியில் எங்கெங்கே பெட்ரோல் பங்க், ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது என்று முதல் நாள் இரவே பார்த்து வையுங்கள். பங்கில் சாவி கேட்க வெட்கப்படாதீர்கள், அது அவர்கள் தரவேண்டிய வசதி. பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள்.

நான்காவது ஞாயிறுதான் நீளமானது. காயாமொழிப் பக்கம் குதிரைமொழித் தேரி, பிறகு மணப்பாடு, உடன்குடி வழியாக வீடு. தேரி என்றால் செம்மணல் மேடு. இரும்புச் சத்தால் அந்தச் சிவப்பு, ஆடிக் காற்று அள்ளிக் குவித்ததால் அந்த மேடு. முந்திரியும் பனையும் உடைமரமுமாக எங்கு பார்த்தாலும் ஒன்றுபோல இருக்கும், தடம் மாறினால் வெளியே வரச் சிரமம். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் வரை தார்ச்சாலை உண்டு, அதை விட்டு வண்டியை இறக்காதீர்கள். நாங்கள் படம் எடுக்க ஆசைப்பட்டு இறக்கினோம். பின்சக்கரம் பாதி வரை புதைந்துவிட்டது, முடுக்க முடுக்க இன்னும் கீழே போனது. பனையேறும் பெரியவர் ஒருவரும் அவர் மகனும் வந்து, எஞ்சினை நிறுத்தச் சொல்லி, சக்கரத்துக்கு முன்னால் காய்ந்த ஓலையைப் போட்டுத் தூக்கிவிட்டார்கள்.

அதன் பிறகு அவர் கொடுத்ததுதான் அந்த மாதத்திலேயே ருசியானது. பச்சை ஓலையை மடித்துப் பட்டை பிடித்துக் கையில் தந்து, கலயத்திலிருந்து பதநீரை ஊற்றினார். ஓலை வாசமும் சுண்ணாம்பு வாசமும் சேர்ந்து முதலில் மூக்கில் ஏறியது. விடிகாலைக் குளிர்ச்சி இன்னும் அதில் இருந்தது. “இன்னுங் கொஞ்சம் குடி தாயி, வெயில் ஏறிட்டா புளிச்சிரும்” என்றார். அவர் சொன்னதுதான் கணக்கு. எட்டு மணிக்குள் குடிக்க வேண்டும், அதற்கு மேல் சாலையோரம் விற்பதை வாங்காதீர்கள். காசு வேண்டாம் என்று சொன்னாலும் கொடுத்துவிட்டு வாருங்கள், ஒரு பனையில் நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் வேலை அது. மணலில் வெறுங்காலோடு நடக்கவும் அதுதான் நேரம், பத்து மணிக்கு மேல் கால் பொரிந்துவிடும்.

மணப்பாட்டில் கடலுக்குள் நீளும் மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை அதற்குக் கீழே. அங்கே வெயில் தாழும் வரை நிழலில் உட்காருங்கள். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று உவரியையும் சேர்க்க ஆசை வரும். சேர்க்காதீர்கள், இருட்டிவிடும். உவரிக்குத் தனியாக ஒரு நாள் போகலாம்.

உடன்குடியில் கருப்பட்டி வாங்கும்போது ஒன்றை உடைக்கச் சொல்லி வாயில் போட்டுப் பாருங்கள். இனிப்புக்கு அடியில் மெல்லிய உவர்ப்பு இருக்க வேண்டும், வெறும் சீனி இனிப்பாக இருந்தால் அடுத்த கடை. நாலு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். சாத்தான்குளம் தாண்டியதும் சாலை மேற்கே திரும்பத் திரும்ப வெயில் நேரே கண்ணில் அடிக்கும், எதிரே வரும் வண்டி தெரியாது. அப்போது ஓட்டாதீர்கள். ஒரு டீக்கடையில் நிறுத்தி, பொழுது இறங்கும் வரை இருந்துவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் அந்த நேரத்தில்தான் அடுத்த மாசிக்குத் திருப்புடைமருதூரைப் பேசி வைத்தோம்.